ஆற்றைப் பார்த்து வைத்த பலகை

டிசைன் படித்துவிட்டு வந்த பிள்ளைகள் நீங்கள், வரைந்த பலகையைப் போனில் அனுப்பிவிட்டு, எப்படி இருக்கிறது என்று கேட்கிறீர்கள். நானும் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, இதை எங்கே மாட்டப் போகிறார்கள் என்று திருப்பிக் கேட்கிறேன். "அது தெரியாதுங்க மேடம், பார்ட்டி பாத்துக்குவாங்க" என்று பதில் வருகிறது. அப்போது எனக்கு வரும் எரிச்சலை எழுத்தில் கொண்டுவர முடியாது. மாட்டுகிற இடம் தெரியாது, பார்க்கிறவர் எந்தப் பக்கமிருந்து வருவார் என்று தெரியாது, அவர் நடந்து வருகிறாரா வண்டியில் வருகிறாரா என்றும் தெரியாது. பிறகு எதை வைத்து வரைந்தீர்கள்? திரையில் நன்றாக இருக்கிறது என்கிறீர்கள். திரையையா கொண்டுபோய் நடுரோட்டில் நட்டுவைக்கப் போகிறார்கள்?

சரி, கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது. நடந்ததைச் சொல்கிறேன்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். சேலத்தில் சேலைப் பெட்டிகளுக்குப் பூ வரைந்து தொடங்கினேன். கல்யாணமாகித் திருச்செங்கோட்டுக்கு வந்தபின் ஒரு டிசைன் கடையில் உட்கார்ந்தேன். ஓய்வு பெறும் வரைக்கும் அதே கடைதான். கோயில் பத்திரிகைக்குப் பிள்ளையார், எங்கள் மாதா கோயில் திருவிழா நோட்டீசுக்கு மாதா, ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிக் கம்பெனிக்கு முத்திரை, எல்லாம் ஒரே மேசையில்தான். எதை வரைந்தாலும் அதற்குள் ஒரு இலையோ தும்பியோ நாணலோ வந்து உட்கார்ந்துவிடும். லீவு நாட்களில் காவிரிக் கரைக்குப் போய் வரைந்து வரைந்து கைக்கு அது பழகிவிட்டது. இன்னொன்று, கவலை என் கூடப் பிறந்தது. அச்சுக்குப் போன பத்திரிகையில் முகூர்த்த நேரம் தப்பாகப் போய்விட்டதோ என்று பஸ்ஸை விட்டு இறங்கித் திரும்பி ஓடியவள் நான். கடையில் என்னைக் கிண்டல் செய்யாத ஆள் இல்லை.

ஜேடர்பாளையம் அணைக்கட்டுக்குக் கீழே, கொஞ்ச தூரத்தில், காவிரியில் ஒரு படித்துறை இருக்கிறது. ஊர்ப் பெயர் வேண்டாம். படியிறங்கினால் முழங்கால் தண்ணீர், காலுக்கடியில் நல்ல மணல், குழந்தைகூட நிற்கலாம் போல இருக்கும். இன்னும் சில எட்டு வைத்தால் எப்போதோ மணல் அள்ளிவிட்டுப் போன குழி. மேலே பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது, தண்ணீர் கொஞ்சம் கரும்பச்சையாக இருக்கும், அவ்வளவுதான். ஊர்க்காரர்கள் அதை மடு என்பார்கள். அவர்கள் குளிப்பது எப்போதும் கொஞ்சம் மேலே தள்ளி இருக்கும் மேல்துறையில்.

சின்னுசாமி அண்ணன் திருச்செங்கோட்டில் ரிக் வண்டிகளுக்கு இரும்பு வேலை செய்யும் பட்டறை வைத்திருந்தார். அவருடைய ஒரே மகன் பிரபு, கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவன், சேக்காளிகளோடு குளிக்கப் போய் அந்த மடுவில் மூழ்கிப் போய்விட்டான். ஒரு வருடம் கழித்து அவர் அந்தத் துறைக் கமிட்டிக்காரர்களிடம், தன் செலவில் ஒரு எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும், இரும்புச் சட்டத்தைத் தானே அடித்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அந்த வேலைதான் எங்கள் கடைக்கு வந்தது.

கமிட்டித் தலைவர் வந்து உட்கார்ந்ததும் சொன்னது இது: "சாவு போர்டு மாதிரி வேண்டாமுங்கக்கா. நெம்ப பயமுறுத்தாம, அழகா, மனசுல நிக்கற மாதிரி பண்ணிக் குடுங்க."

பயமுறுத்தத்தானே பலகை என்று நான் கேட்டேன். அதெல்லாம் இந்தக் காலத்தில் எடுபடாது, ஜனங்கள் பார்க்கவே மாட்டார்கள் என்றார். எங்கள் முதலாளியும் தலையாட்டினார். சின்னுசாமி அண்ணன், மகன் பெயர் மட்டும் ஒரு ஓரத்தில் வரட்டும் என்றார்.

வரையத் தொடங்கியபின் எனக்கு அது எச்சரிக்கைப் பலகை என்பதே பாதி மறந்துவிட்டது. இடது ஓரத்தில் நாணல், வலது ஓரத்தில் தண்ணீருக்குள் இறங்கும் மருத மர வேர், நடுவில் கரும்பச்சையாக மடு, அதன்மேல் தலைகீழாகப் பாயும் மீன்கொத்தி. அகலமாக வரைந்தால்தான் ஆறு ஆறாக இருக்கும் என்று அகலமாக வரைந்தேன். சிவப்பில் 'ஆழம்' என்று பெரிதாக எழுதியிருந்தேன். அது மீன்கொத்தியை எடுபடாமல் அடிக்கிறது என்று தலைவர் அதைச் சின்னதாக்கச் சொன்னார். அடுத்த தடவை வந்து மூலைக்குத் தள்ளச் சொன்னார். அதற்கும் அடுத்த தடவை கமிட்டிக்காரர்களின் பெயர்களுக்கு இடம் கேட்டார். எழுத்து கண்ணிலேயே படாதே என்று நான் முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன். முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏனுங்கக்கா, கேக்கறதச் செஞ்சு குடுத்துட்டுப் போலாமில்லீங்க" என்றார். பலகை எந்தப் பக்கம் பார்த்து இருக்கும் என்று கேட்டதற்கு, ஆற்றைப் பார்த்து என்றார் தலைவர். தண்ணீரில் இருப்பவர்கள் கண்ணில் பட வேண்டுமாம். அது மட்டும் எனக்கும் நியாயமாகப் பட்டது.

திறப்பு விழா நடந்தது. எல்லோரும் மீன்கொத்தியைப் பாராட்டினார்கள். சின்னுசாமி அண்ணன் தகட்டைத் தடவிப் பார்த்து, "குருவி உசுரோட இருக்குதுங்க" என்றார். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை மறைக்க மாட்டேன்.

அதன் பிறகு போனில் படங்கள் வரத் தொடங்கின. பலகைக்கு முன்னால் புதுமணத் தம்பதி, கல்லூரிப் பிள்ளைகள், கைக்குழந்தையோடு ஒரு குடும்பம். யார் யாரோ எடுத்தது, யார் வழியாகவோ சுற்றி எனக்கு வரும். ஒரு நாள் காலையில் காப்பி குடித்தபடி அதில் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். படத்தில் பலகை முழுசாக விழுந்திருந்தது, இடது ஓரத்து நாணலிலிருந்து வலது ஓரத்து வேர் வரை. பலகைக்கு முன்னால் இருப்பது நாலைந்து படிகள், அதற்குப் பிறகு தண்ணீர். அப்படியானால் படம் எடுத்தவர் எங்கே நின்றார்?

என் வீட்டுக்காரரிடம் காட்டினேன். "ஆத்துக்குப் போனவன் தண்ணியில நிக்காம எங்க நிப்பான்?" என்று சொல்லிவிட்டு அவர் பேப்பரைப் பார்க்கப் போய்விட்டார். நான் முன்பு வந்த படங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். பூசைக்குப் போகிறாயா ஆற்றுக்குப் போகிறாயா என்று வீட்டில் ஒரு சத்தம். துறையில் இறங்கினால், நான் பயந்தது அப்படியே நடந்துகொண்டிருந்தது. பலகைக்கு முன்னால் படியில் ஒரு பெண், இடுப்பில் குழந்தை. புருஷன் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் நின்று போனைத் தூக்கிப் பிடித்திருந்தான். முதுகு ஆற்றுப் பக்கம், கண் திரையில். "குருவியோட வால் வரலீங்க, இன்னும் சித்த பின்னால போங்க" என்று அவள் சிரித்துக்கொண்டே சொல்கிறாள். அவன் ஒவ்வொரு எட்டாகப் பின்னால் போகிறான். முழங்கால் தண்ணீர் தொடைக்கு ஏறிவிட்டது.

நான் கத்திய கத்தில் கரையிலிருந்த கொக்கு பறந்துவிட்டது. அவன் நின்றான். திட்டிக்கொண்டே மேலே வந்தான். குழந்தை பயந்து அழுதது. அந்தப் பெண் என்னைப் பார்த்து, "ஏனுங்க, போட்டாதான எடுத்தோம், உங்க ஊட்டு ஆத்துலயா எறங்கிட்டோம்?" என்றாள். மடு இருக்கிறது என்றேன். எங்கே என்றாள். பலகையைக் காட்டினேன். அவள் திரும்பி அதைப் பார்த்தாள், மூலையில் இருந்த எழுத்தை அப்போதுதான் படித்தாள்.

அங்கே மீன் வறுத்து விற்கும் செல்லாயி என்னை அடையாளம் கண்டுகொண்டார். பலகை வந்தபின் வியாபாரம் நன்றாக இருப்பதாகச் சொல்லி, வேண்டாம் என்றாலும் கேட்காமல் ஒரு துண்டு மீனை இலையில் வைத்து நீட்டினார். முன்னெல்லாம் ஜனங்கள் மேல்துறையோடு போய்விடுவார்களாம், இப்போது படம் பிடிக்கவென்றே இங்கே வருகிறார்களாம். மீனை இலையோடு படியில் வைத்துவிட்டேன்.

நான் வரைந்திருக்கிற அகலத்துக்கு அந்தப் படம் முழுசாக விழ வேண்டுமென்றால், எடுக்கிறவர் மடுவின் விளிம்பு வரை பின்னால் போயே ஆக வேண்டும். ஆற்றைப் பார்த்து வைத்ததால், அவர் முதுகைத்தான் மடுவுக்குக் காட்ட வேண்டும். வேண்டுமென்றே ஒருவர் உட்கார்ந்து கணக்குப் போட்டிருந்தாலும் இவ்வளவு பொருத்தமாகச் செய்திருக்க முடியாது.

மறுநாளே தலைவரிடம் போனேன். "அக்கா, நம்ம துறை இப்பத்தானுங்க ஃபேமஸ் ஆயிருக்குது" என்றார். நான் விடாமல் சொன்னதும், 'இங்கே படம் எடுக்காதீர்' என்று பக்கத்தில் இன்னொரு பலகை வைத்துவிடலாம் என்று ஒரு வழி கண்டுபிடித்தார். அதற்கும் ஒரு நல்ல படம் போட்டுக் கொடுங்கள், வெறும் எழுத்தாக இருந்தால் எடுப்பாக இருக்காது என்று கேட்டுக்கொண்டார். அவரிடம் நான் என்ன சொன்னேன் என்பது இங்கே எழுதத் தகாது. கடைக்கு வந்து முதலாளியிடம் புலம்பினேன். டெலிவரி கொடுத்த வேலையைத் திரும்பத் தூக்கி மடியில் வைத்துக்கொள்ளும் ஒரே ஆள் நீங்கள்தான் அக்கா என்றார். ஆடிப்பெருக்கு வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அந்தக் கரையில் கூட்டம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அணைக்கட்டிலிருந்து தண்ணீரும் கூடுதலாக வரும்.

மிச்சம் இருந்தது ஒரே ஆள்தான். மகனுக்காக அந்தப் பலகையை வைத்தவரிடம் போய் எப்படிச் சொல்வது? பட்டறை வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்திருக்கிறேன். மூளை எனக்கு ஒரு நூறு சாக்கு சொன்னது. ஒன்றும் ஆகாது என்றது. அந்த 'ஒன்றும் ஆகாது' வந்தால் எனக்கு இன்னும் பயம் அதிகமாகும்.

கடைசியில் போனேன். அவர் ஒரு இரும்புச் சட்டத்தை அளந்துகொண்டிருந்தார்.

"அண்ணா, அந்தப் போர்ட எடுத்துடலாங்க."

"ஏனுங்க, அதுக்குள்ள துருப் புடிச்சிருச்சுங்களா?"

"இல்லைங்க. அது ஆளக் கூப்பிடுதுங்க."

ஞாயிற்றுக்கிழமை பார்த்ததைச் சொன்னேன். குழந்தை இருந்ததையும் சொன்னேன். அவர் டேப்பைச் சுருட்டி வைத்தார்.

"அதுல என்ற பையன் பேரு இருக்குதுங்க" என்றார். "அதயும் எடுத்துட்டா, அவன் போன எடத்துல அவனுக்குன்னு என்னங்க இருக்கும்?"

படத்தை மட்டும் மாற்றித் தருகிறேன், பெயரை விட்டுவிடலாம் என்று ஏதோ உளறினேன். "நீங்க போங்கக்கா" என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து, பாவம் அந்த மனுஷனைப் போய்க் கிளறிவிட்டோமே என்று அழுதேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்று ஒரு கவலை, சொன்னது போதாதோ என்று அதன்மேல் இன்னொரு கவலை.

மறுநாள் காலை கடை திறக்கும்போது அவருடைய லோடு ஆட்டோ வாசலில் நின்றது. "ஏறுங்க, போயிட்டு வந்துரலாம்" என்றார். துறையில் செல்லாயியைத் தவிர ஆள் இல்லை. என்னைப் பலகைக்குப் பக்கத்தில் படியில் நிற்கச் சொன்னார். தன் போனை எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கப் போனார். என்ன செய்யப் போகிறார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கயிறு கட்டிக்கொண்டால்தான் ஆயிற்று என்று நான் அடம்பிடித்தேன். என் தொல்லை தாங்காமல் ஆட்டோவிலிருந்து கயிற்றை எடுத்து இடுப்பில் கட்டி, மறு முனையைப் படித்துறைக் கம்பியில் முடிச்சுப் போட்டார். அந்த முடிச்சையும் நான் இழுத்துப் பார்த்தேன்.

போனை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, ஆற்றுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

"நாணல் விழுகலீங்க" என்றார். ஒரு எட்டுப் பின்னால் வைத்தார்.

"வேரு விழுகலீங்க." இன்னொரு எட்டு.

தண்ணீர் தொடைக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது. போதும் அண்ணா என்று நான் கெஞ்சினேன். அவர் காதில் விழவில்லை. கண் திரையை விட்டு நகரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பார்த்த அந்தப் புருஷனைப் போலவே, எல்லோரையும் போலவே. பெயர் இருக்கிற ஓரம் இன்னும் வரவில்லை என்று சொல்லிக்கொண்டு இன்னொரு எட்டு வைத்தார். உடம்பு ஒரு பக்கமாகச் சரிந்தது. கயிறு விறைத்தது. ஒரு காலில் நிலை பிடித்து நின்றுவிட்டார். மற்றக் காலை மெதுவாகப் பின்னால் விட்டுத் துழாவினார். அங்கே மணல் இல்லை.

"இப்ப எல்லாம் விழுந்துருச்சுங்க" என்றார்.

அப்படியே நின்றார். மகன் போன இடத்தில் ஒரு கால், மணலில் ஒரு கால். நான் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தேன், பாதியில் எது எங்கே என்று குழம்பிவிட்டது. பிறகு அவர் படியேறி வந்தார். எடுத்த படத்தை எனக்குக் காட்டவில்லை. ஆட்டோவிலிருந்து ஸ்பேனரை எடுத்துவந்து போல்ட்டைக் கழற்றத் தொடங்கினார்.

செல்லாயி போன் போட்டிருப்பார் போல, தலைவர் பைக்கில் வந்து சேர்ந்தார். தலைவருக்குச் சின்னுசாமி அண்ணன் மாமன் முறை. "ஏனுங் மாமா, ஊரே புகழுது. இந்தக்கா பேச்சக் கேட்டுக்கிட்டு இதப் போயி..." என்று என்னை முறைத்தார். அண்ணன் நிமிரவேயில்லை.

"புகழட்டும் மாப்ள. உள்ள போயி நின்னு முழுசா விழுகற மாதிரி ஒரு போட்டா எடுத்துட்டு வா. நானே திரும்ப மாட்டிடறேன்."

தலைவர் தண்ணீரைப் பார்த்தார். அண்ணனின் நனைந்த சட்டையைப் பார்த்தார். பைக்கை நிறுத்திவிட்டு வந்து தகட்டின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டார். அந்த மனுஷனை அதற்குமுன் எவ்வளவோ திட்டியிருக்கிறேன், இதையும் சொல்ல வேண்டும்.

அடுத்த பலகையை நான் மேசையில் வரையவில்லை. துறைக்கு வரும் பாதையில் முதலில் நடந்து பார்த்தேன். குடையோடு வருகிறவள்போல் நடந்தேன், பிள்ளையை இழுத்துக்கொண்டு வருகிறவள்போலும் நடந்தேன். செல்லாயி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். படிக்கு வெகு முன்னாலேயே, மேல்துறைக்குப் பாதை பிரிகிற இடத்தில், வருகிறவர்கள் முகத்தைப் பார்த்து நிற்கும்படி வைத்தோம். ஒடுக்கமாக, உயரமாக, ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு. படம் கிடையாது. மட்டமான மஞ்சளில் தடித்த கறுப்பு எழுத்து: 'கீழே குழி. ஆழம். இறங்காதே. மேல்துறைக்கு இப்படிப் போ.' மரியாதை விகுதிகூடப் போடவில்லை. முதலாளி பார்த்துவிட்டு, கடைப் பெயரை மட்டும் எங்கேயும் போட்டுவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார்.

அடியில் மகன் பெயருக்கு இடம் விட்டிருந்தேன். சட்டம் அடிக்கும்போது சின்னுசாமி அண்ணனிடம் அதைக் காட்டினேன்.

"வேண்டாங்கக்கா" என்றார். "பேரு போட்டா நின்னு படிப்பாங்க. அங்க யாரும் நிக்க வேண்டாம்."

இதற்குமேல் டிசைனைப் பற்றி எனக்கு யாரும் எதுவும் சொல்லிக்கொடுத்ததில்லை. நீங்கள் படித்து வாங்கிய பட்டத்தில் இது இருந்தால் நல்லது. இல்லையென்றால் இதையாவது வைத்துக்கொள்ளுங்கள். கோட்டைப் போடும் முன்னால், பார்க்கப் போகிறவர் காலை எங்கே வைத்திருப்பார் என்று நேரில் போய்ப் பாருங்கள். பஸ் இல்லை, வெயில் அதிகம், பார்ட்டி அவசரப்படுத்துகிறார் என்று என்னிடம் சொல்லாதீர்கள்.

ஆடிப்பெருக்கு அன்று காலையிலேயே போய் அந்தப் பலகைக்கு எதிரே மருத மரத்தடியில் உட்கார்ந்துகொண்டேன். வீட்டுக்காரரும் வந்தார், தலையில் அடித்துக்கொண்டே. முளைப்பாரித் தட்டோடும் மஞ்சள் கயிறோடும் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். செல்லாயி எண்ணெய்ச் சட்டியோடு மேல்துறைக்குக் கடையை மாற்றிக்கொண்டு போகிற வழியில் என் முன்னால் நின்று, "ஏனுங்கக்கா, அவ்வளவு அழகா வரையற கை, இப்படி எளவு ஊட்டுத் தகரமாட்டம் பண்ணி வெச்சிருக்கீங்களே" என்றார்.

ஆமாங்க என்றேன்.

அவருக்குப் பின்னால் ஒரு அப்பாவும் அம்மாவும் சின்னப் பெண்ணும் வந்தார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கும் வயது. அம்மா கையைப் பிடித்து நடந்துகொண்டே, "கீ... ழே... கு... ழி" என்று சத்தமாகப் படித்தாள். குழின்னா என்னம்மா என்று கேட்டாள். அம்மா பிடியை இறுக்கிக்கொண்டாள். ஒருவரும் நிற்கவில்லை, ஒருவரும் போனை எடுக்கவில்லை. பாதை பிரிகிற இடத்தில் மூன்று பேரும் மேல்துறைப் பக்கம் திரும்பினார்கள். அந்தப் பெண்ணின் ரோஸ் கவுன் கூட்டத்தில் மறையும்வரை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அடுத்து வருகிறவர்களைப் பார்க்கத் திரும்பினேன்.